ஒரு கிலோ கறுப்புக்கு எவ்வளவு உப்பு

மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் பட்டிமன்றம். தலைப்பு நாம் எல்லோரும் கேட்டுச் சலித்ததுதான்: நாட்டுக்கு முதலில் தேவை வளர்ச்சியா, சுற்றுச்சூழல் பாதுகாப்பா? சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அவளுக்கு ‘வளர்ச்சியே’ அணி விழுந்துவிட்டது. மூன்று நிமிடப் பேச்சு எழுதித் தரச் சொன்னாள். சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன், பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. பசித்தவனிடம் போய் மரத்தைக் காப்பாற்று என்று சொல்ல நமக்கு என்ன உரிமை, ஐரோப்பாக்காரன் தன் ஆறுகளையெல்லாம் சாக்கடையாக்கிப் பணம் சேர்த்த பிறகு நமக்குப் பாடம் எடுக்க வருகிறான், முதலில் வயிறு, அப்புறம்தான் ஆறு. அடித்தல் திருத்தல் இல்லாமல் கை ஓடியது. 1972-ல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் இந்திரா காந்தி, வறுமையும் இல்லாமையும்தானே எல்லாவற்றையும் விட அதிகமாக மாசுபடுத்துபவை என்ற பொருளில் கேட்ட கேள்வியையும் நடுவில் செருகிவிட்டேன். மகள் வாசித்துப் பார்த்துவிட்டு, “சூப்பர்ப்பா. உங்களுக்கு எப்படி இவ்வளவு வேகமா வருது?” என்றாள். அந்தக் கேள்வி அன்றைக்குத் தூங்கவிடவில்லை.

வேகமாக வந்ததற்குக் காரணம் இருக்கிறது. இருபத்தைந்து வருஷமாக நான் பேசிக்கொண்டிருக்கும் பேச்சு அது. திருப்பூரில் முதலில் ஒரு சாயப்பட்டறையில் ஷேட் பார்க்கும், அதாவது சாய நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கும், பையனாகச் சேர்ந்து, அப்புறம் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் மெர்ச்சன்டைசராகி, இன்றைக்கு ஒரு ஏசி அறையில் உட்கார்ந்து, சட்டை வாங்குகிற வெளிநாட்டு பையரிடம் விலை பேசுகிறவன் நான். எங்கள் நொய்யல் ஆற்றைப் பற்றி யார் கேட்டாலும் எடுத்துவிட ஒரு பதில் தயாராக இருக்கும். பையர் கேட்டால் ஒரு விதம், பத்திரிகைக்காரர் கேட்டால் ஒரு விதம், கல்யாண வீட்டில் சொந்தக்காரர் கேட்டால் இன்னொரு விதம். மூன்றுமே பொய் கிடையாது. ஆனால் என் அம்மாவின் அண்ணன் கேட்டால் மட்டும் எந்தப் பதிலும் வாயில் நிற்காது. மாமா ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

அணை வந்த வருஷம்

மாமாவின் தோட்டம் நொய்யல் கரையில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. நாலரை ஏக்கர், ஒரு கிணறு, வரப்போரம் அறுபது தென்னை. அணை 1992-ல் கட்டி முடிந்தபோது எனக்குப் பதினாலு வயது. முழுப் பரீட்சை லீவுக்கு அம்முச்சி வீட்டுக்குப் போனால், இனிமேல் கரும்பு வைக்கலாம், மஞ்சள் வைக்கலாம் என்று பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூரையும் திருப்பூரையும் தாண்டி, கரூர்ப் பக்கம் காவிரியில் போய்ச் சேருகிற ஆறு. வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கிற அதற்கு ஓர் அணை வந்ததே அந்தப் பக்கத்துக்குப் பெரிய கௌரவம்.

சில வருஷத்தில் அணையில் தண்ணீர் நின்றது, அதுவும் மழைத் தண்ணீரைவிட ஒழுங்காக, கோடையிலும்கூட. மேலே திருப்பூரில் சாயப்பட்டறைகள் ஓடுகிற வரைக்கும், அவற்றின் கழிவுநீரால் கீழே அணைக்கு வரத்து இருந்தது. அப்புறம் நடந்தது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் விடுங்கள் என்று அணைகளின் முன்னால் விவசாயிகள் நிற்பதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இங்கே அணைத் தண்ணீரில் பாசனம் செய்ய வேண்டிய ஆயக்கட்டு விவசாயிகளே தயவுசெய்து மதகைத் திறக்காதீர்கள் என்று கேட்டார்கள். திறக்காவிட்டாலும் பயன் இல்லை, தேங்கிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வந்துவிட்டது. ஒரு தடவை லீவுக்குப் போனபோது மாமா மரத்திலிருந்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். “கரிக்குதா?” என்றார். ஆமாங்க மாமா என்றேன். சரி, கறவைக்கு ஊத்திரு என்று சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தார். அது கரிக்காமல் இருக்குமோ என்கிற மாதிரி கையில் ஆட்டிப் பார்த்து வெட்டினார். அதுவும் கரித்தது.

சாயத் தண்ணி என்று ஊரே சொன்னாலும், அந்த இளநீரைக் கெடுத்தது உப்பு. இதை நான் பட்டறையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். பருத்தித் துணியும் நாங்கள் போடுகிற ரியாக்டிவ் சாயமும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று தள்ளும். உப்பைக் கொட்டினால்தான் சாயம் துணிப் பக்கம் நகரும். அப்புறம் சோடா ஆஷ் போட்டு அதைப் பிடிக்கவைப்போம். சாயத்தில் பெரும்பங்கு துணியோடு போய்விடும். உப்பு தன் வேலையை முடித்துவிட்டு ஒரு கிராம் குறையாமல் வெளியே வரும். வெளிர் நிறத்துக்குக் கொஞ்சம் போதும், அடர் நிறத்துக்கு நிறைய வேண்டும். கறுப்பு, நேவி என்றால் லிட்டருக்கு எண்பது கிராம் சாதாரணம். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர் வைத்தால்கூட அரைக் கிலோவைத் தாண்டும். பழைய விஞ்ச் மெஷின்களில் தண்ணீர் இன்னும் அதிகம், உப்பும் அதிகம். அதாவது ஒரு கறுப்பு டீ-ஷர்ட்டுக்குக் குறைந்தது ஒரு கைப்பிடி உப்பு. பட்டறை வாசலில் உப்பு மூட்டை லாரியில் வந்து இறங்கும்போது இது எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. தண்ணீரோடு போகிறது, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை எடுத்தன. வெளியே வந்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துக் காட்டினால் தெளிவாக இருக்கும், பார்க்க வருகிறவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். நாக்கில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அந்தச் சுத்திகரிப்பில் அதைக் குறைக்க வழியே கிடையாது என்பது பட்டறையில் இருந்த எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

மழை பெய்த ஒரு ராத்திரி

இதையும் எழுதிவிடுகிறேன். நான் வேலை பார்த்த பட்டறையில், பெயர் வேண்டாம், பின்னால் ஒரு சேமிப்புத் தொட்டி இருந்தது. ஐப்பசியில் ஒரு ராத்திரி ஷிஃப்டில் நல்ல மழை. சூப்பர்வைசர் வந்து, “தம்பி, பின்னாடி வால்வத் திறந்து உட்ரு, மழையோட போயிரட்டும்” என்றார். எல்லாப் பட்டறைகளிலும் பழக்கத்தில் இருந்த விஷயம்தான். மழைத் தண்ணீரோடு கலந்தால் யாருக்கும் தெரியாது. நான் போய்த் திறந்தேன். துருப்பிடித்த சக்கரம், இரண்டு கையாலும் பிடித்துத் திருக வேண்டியிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன், அன்றைக்கு ஓடிய ஷேட் நேவி. இந்தத் தண்ணீர் எப்போது அணைக்குப் போய்ச் சேரும் என்று மனசு ஒரு கணக்குப் போட்டது. அப்புறம் டீ வந்தது, குடித்தேன். அந்த மாதச் சம்பளத்தில் அம்மாவுக்கு முதல்முறையாக மிக்ஸி வாங்கினேன். அம்மா அதை மாமா வீட்டுக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

மகளுக்கு எழுதிக் கொடுத்த பேச்சில் ‘முதலில் வயிறு, அப்புறம் ஆறு’ என்று வருகிறதே, அந்த வரி அப்படி ஒரு மிக்ஸியைப் பார்த்தவனுக்குச் சுலபமாக வரும். அதில் உண்மையும் இருக்கிறது. கரட்டுக் காட்டு மானாவாரி நிலத்தை நம்பி இருந்த குடும்பங்கள் திருப்பூரில்தான் முதன்முதலாக வாரச் சம்பளம் பார்த்தன. செக்கிங்குக்கும் கைமடிக்கும் போன பெண்களின் கையில் சனிக்கிழமைதோறும் காசு இருந்தது. என் அம்மாவின் தலைமுறைக்கு அது எப்படிப்பட்ட மாற்றம் என்பதை வெளியூரிலிருந்து வந்து ஆற்றைப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. அவர்கள் மேல் எனக்கு இன்னமும் எரிச்சல் உண்டு.

ஆனால் அந்த வரியில் ஒரு மோசடியும் இருக்கிறது. எழுதும்போது கண்ணில் படாது. வயிறு ஒருவருடையது, ஆறு இன்னொருவருடையது. ‘நாடு’ என்று மொத்தமாகப் பெயர் வைத்துவிட்டால் இரண்டும் ஒரே ஆளுக்கு நடக்கிற மாதிரி ஆகிவிடும்: இன்றைக்குக் கொஞ்சம் கஷ்டப்படுகிறோம், நாளைக்குப் பணம் வந்ததும் சுத்தம் செய்துகொள்ளலாம் என்று. என் அம்மா வீட்டுக்கு மிக்ஸி வந்தது, அம்மாவின் அண்ணன் வீட்டில் இளநீர் கரித்தது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கே கணக்கு நேர் ஆகவில்லை.

கேஸ்

2003-ல் நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மாமா அதில் பெரிய ஆள் எல்லாம் இல்லை. கூட்டத்துக்குப் போவார், பங்குப் பணம் கொடுப்பார், வேனில் ஒரு சீட் பிடித்து ஒன்றிரண்டு தடவை சென்னைக்கும் போய் வந்தார். 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒரு சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது, அதற்கான ஏற்பாட்டைச் செய்து முடிக்கிற வரைக்கும் விடுகிற தண்ணீருக்கு லிட்டருக்கு 6 பைசா அபராதம், நாள் ஆக ஆக 10 பைசா வரைக்கும். நான் அப்போது கம்பெனியில் காஸ்டிங், அதாவது அடக்கவிலைக் கணக்கு, போடுகிறவன். கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். அலசல் எல்லாம் சேர்த்து ஒரு கிலோவுக்கு நூறு லிட்டர் என்று வைத்தால் ஆறு ரூபாய். கிலோவுக்கு ஆறு டீ-ஷர்ட். ஒரு டீ-ஷர்ட்டுக்கு ஒரு ரூபாய். ஒரு ஆற்றின் விலை சட்டைக்கு ஒரு ரூபாய் என்று வந்தது. அதையும் யார் தலையில் போடுவது என்று நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அதே வாரம் ஒரு பையர் மெயில் அனுப்பினார், விலையில் ஐந்து சென்ட் குறைக்கச் சொல்லி. அன்றைய கணக்கில் இரண்டு ரூபாய்க்கு மேல். அதை ஒரே நாளில் குறைத்துக் கொடுத்தோம்.

இழப்பீடும் வந்தது. பாலாற்றுத் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைத் தொடர்ந்து உருவான ஆணையம்தான் நொய்யலுக்கும் கணக்குப் பார்த்தது. 68 கிராமங்கள், 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகள், மொத்தம் 25 கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு ஒன்பதாயிரம் வராது. உலக வங்கியில் தலைமைப் பொருளாதார நிபுணராக இருந்த லாரன்ஸ் சம்மர்ஸ் பெயரில் 1991-ல் எழுதப்பட்ட ஒரு குறிப்பு வெளியே கசிந்து நாறியது. கூலி குறைவான நாட்டில் நச்சைக் கொட்டுவதுதான் பொருளாதாரக் கணக்குக்குச் சரி, ஏனென்றால் அங்கே ஒருவன் நோயில் படுத்தால் இழக்கிற சம்பளம் குறைவு என்று அது வாதாடியது. கிண்டலாக எழுதியது என்று பின்னால் சொன்னார்கள். எனக்கு அது கிண்டலாகப் படவில்லை. ஒன்பதாயிரமும் ஏறக்குறைய அந்தக் கணக்குதான். சோளமும் கம்பும் விளைகிற பூமி எவ்வளவு சம்பாதித்துவிடப்போகிறது, அதை இழந்தால் எவ்வளவு கொடுத்துவிடப்போகிறோம்? ஏழை நிலம் என்றால் கெடுப்பதும் மலிவு. அந்த அமெரிக்கரைத் திட்டுவது சுலபம். எங்கள் காஸ்டிங் ஷீட்டிலும் அதே கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது, நாங்கள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

2009-ல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பை உறுதி செய்தது. அப்போதும் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்தது. 2011 ஜனவரி 28-ம் தேதி உயர் நீதிமன்றம் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். கரண்ட் துண்டிக்கப்பட்டது. துணிக்குச் சாயம் ஏறவில்லை என்றால் கட்டிங்குக்கு வேலை இல்லை, கட்டிங் இல்லை என்றால் டெய்லருக்கு இல்லை. சில வாரங்களில் ஸ்டேஷனில் மூட்டை முடிச்சோடு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மதுரை, தேனிப் பக்கத்துக் குடும்பங்கள், ஒடிசாப் பையன்கள். எங்கள் ஷிப்மெண்ட் எல்லாம் தொங்கலில். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். உள்ளுக்குள் ஒரு கோபம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஜெயித்தவர் வீட்டுக்குப் போகிற மாதிரிதான் போனேன்.

மாமா கட்டுத்தரையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். முதல் கேள்வி, “மாப்ள, சம்பளம் வந்துதா?” பாதிதான் வந்தது என்றேன். “இவனுக்கு அதும் வரல” என்று உள்ளே கையைக் காட்டினார். அவர் மகன், என் மச்சான், திருப்பூரில் ஒரு சின்ன யூனிட்டில் கட்டிங் மாஸ்டர். உள்ளே படுத்துக்கிடந்தான். கேஸுக்குப் பங்குப் பணம் கட்டிய வீடும் அதுதான், பட்டறை மூடியதால் சம்பளம் நின்ற வீடும் அதுதான். பங்குப் பணம் மச்சானின் சம்பளத்திலிருந்துதான் போயிருக்கிறது என்று பின்னால் அத்தை சொன்னார்.

நான் வாய் சும்மா இராமல், இப்போ சந்தோஷம்தானுங்களே மாமா, மூடியாச்சே என்றேன். மாமா கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் தோட்டத்துப் பக்கம் பார்த்தார். “பட்டறைய மூடச் சொல்லிக் கேஸ் போடல மாப்ள. தண்ணிய உடாதீங்கன்னுதான் கேட்டோம். ரெண்டும் ஒண்ணுன்னு அவிங்களுக்குத் தெரிஞ்சா, அதுக்கு நாம என்ன பண்றது?”

அப்போது அது பட்டிக்காட்டுப் பேச்சு என்று நினைத்தேன். தண்ணீர் விடாமல் சாயம் போடுவது எப்படி என்று இவருக்கு என்ன தெரியும் என்று காரில் வரும்போது அம்மாவிடம் சொன்னேன். அம்மா பதில் சொல்லவில்லை. அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் அது நடந்தது. அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. சவ்வு வைத்துத் தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தைக் காய்ச்சி, உப்பைத் திரும்ப எடுத்து, மறுபடி சாயத்துக்கே போடுகிற ஏற்பாடு ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தது. சாயக் கூலி ஏறியது. தொழில் செத்துப்போகும் என்று நாங்கள் போட்ட சத்தத்துக்கு, அன்று 12,000 கோடியைச் சுற்றி இருந்த ஏற்றுமதி இன்று 30,000 கோடிக்கு மேல். ‘ரெண்டும் ஒண்ணு’ என்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த விலையில் சட்டை விற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டதால்தான். அந்த விலையை வைத்தவர்களில் பையரும் உண்டு, முதலாளியும் உண்டு, ஒரே நாளில் ஐந்து சென்ட் குறைத்துப் பதில் மெயில் அடித்த நானும் உண்டு.

முடியாத கதை

இப்படிச் சொன்னால் சுபம் போட்ட மாதிரி ஆகிவிடும், அதுவும் சரியில்லை. காசு போட முடிந்த பட்டறைகள் எழுந்தன, சின்னப் பட்டறைகளில் பல திரும்பித் திறக்கவே இல்லை. கொஞ்சம் பேர் பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் காவிரிக் கரையில் அனுமதியில்லாமல் ஓட்டினார்கள். அதிகாரிகள் இடிப்பார்கள், மறுபடி முளைக்கும். தண்ணீரைக் காய்ச்சுகிற பாய்லருக்கு விறகும் கரியும் வேண்டும். பிரிக்க முடியாத கலப்பு உப்பு ஷெட்டுகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. ஆற்றிலிருந்து எடுத்ததைக் கொஞ்சம் ஆகாயத்தில் விட்டோம், கொஞ்சம் கூரைக்கடியில் அடுக்கி வைத்திருக்கிறோம்.

போன மாதம் ஒரு பையரின் ஆள் வந்திருந்தார். சின்னப் பெண், நல்லவர், உண்மையான அக்கறையோடு கேட்டார். காலையில் சுத்திகரிப்பு நிலையத்தைச் சுற்றிக் காட்டினோம், சான்றிதழ்களைப் படம் பிடித்துக்கொண்டார். மதியம் அதே கம்பெனியின் இன்னொருவர் ஆன்லைனில் வந்து, பங்களாதேஷில் இந்த விலைக்குக் கிடைக்கிறதே என்றார். அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போனால் வரி கிடையாது, நமக்கு உண்டு. டாக்காவுக்கு மேலே துராக் ஆற்றில் தண்ணீர் என்ன நிறத்தில் ஓடுகிறது என்று யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. 2019-ல் அந்த ஊர் உயர் நீதிமன்றம் அந்த ஆற்றுக்கு ஒரு மனிதனுக்குரிய சட்ட உரிமைகள் உண்டு என்றே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதன் கரையிலும் யாராவது ஒருவருடைய மாமா திண்ணையில் உட்கார்ந்திருப்பார். காலையில் வந்த பெண்ணும் மதியம் வந்தவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்களா என்று தெரியவில்லை. நான் நாலு சென்ட் குறைத்தேன்.

பேச்சை மகளிடமிருந்து திரும்ப வாங்கி, இரண்டு இடத்தில் ‘நாடு’ என்று வந்ததை அடித்துவிட்டு யார் என்று எழுதப் பார்த்தேன். வாக்கியம் உட்காரவே இல்லை. இப்படிப் பேசினால் எங்கள் டீம் தோத்துரும்பா என்று சொல்லிவிட்டுப் பழைய தாளையே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் சொல்வதும் சரி.

போன ஞாயிறு மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. பட்டறையில் உப்பு பார்க்கிற பேனா மாதிரியான மீட்டரைக் கையோடு எடுத்துப் போய்க் கிணற்றுத் தண்ணீரில் வைத்தேன். 2,900-த்துச் சொச்சம் காட்டியது. மாமா மீட்டரைக் கண்டுகொள்ளவில்லை. விரலை நனைத்து நாக்கில் வைத்துவிட்டு, “போன வருசத்துக்குப் பரவால்ல” என்றார். அறுபது தென்னையில் இருபத்தி மூன்று நிற்கிறது. கிணற்று மேட்டில் கம்பிக் கொடியில் அவருடைய டீ-ஷர்ட் காய்ந்துகொண்டிருந்தது. காதர்பேட்டையில் கிடைக்கிற எக்ஸ்போர்ட் ரிஜெக்ட், நான் வாங்கிக் கொடுத்ததுதான். கறுப்பு, நெஞ்சில் ஏதோ ஒரு ஐரோப்பிய ஊரின் பெயர். காய்ந்த இடமெல்லாம் வெள்ளையாக வரி வரியாகப் பூத்திருந்தது. எடுத்து உதறினேன், போகவில்லை.

“நல்ல தண்ணியில ஒருக்கா அலசுனாப் போயிரும் மாப்ள” என்றார். குழாயில் நல்ல தண்ணீர் செவ்வாய்க்கிழமைதான் வரும்.